ஒரு கொத்துத் தவிடு

2025 ஜனவரி 6, திங்கள்

அரசாங்கச் செயலகமான கச்சேரிக்கு முன்னால் அருளம்பலம் ஐயாவின் கந்தோரில் இருபத்தொரு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். ஐயா சமாதான நீதவான், பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர். வருடா வருடம் அவருக்கு வந்து குவியும் நாட்குறிப்புகளில் ஒன்றை எனக்குத் தருவார். நானும் வாங்கி வந்து அலுமாரிக்குள் போடுவேன். இந்த வருடம் எழுதப் போகிறேன். காரணம் ஒன்றுதான். எந்தக் கடதாசியை எந்தத் திகதியில் கொடுத்தாய் என்று பிறகு யாராவது கேட்டால் நான் முழிசக்கூடாது. மனதில் உள்ளதைக் கொட்டுவதற்கு அல்ல இது. எனக்கு அதற்கு நேரமும் இல்லை.

சென்ற செப்ரெம்பரில் இவர் ரொறன்ரோவிலிருந்து எங்களுக்கு ஸ்பொன்சர் போட்டார். இவர் என்றால் என் கணவர் யோகேந்திரன். போய் ஒன்பது வருடம். நானும் மகள் நிலானியும் இங்கே கொக்குவிலில். இன்று காலை குடிவரவுக் கந்தோரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நிலானி எங்கள் பிள்ளைதான் என்பதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமாம். தவணை முப்பது நாள்.

கேட்டிருப்பவை: சிறுவயதுப் படங்கள், பாடசாலைப் பதிவு, தடுப்பூசி அட்டை, தாய் கர்ப்பமாக இருந்தபோது வைத்திருந்த கிளினிக் அட்டை. கடைசியைத் தவிர எல்லாம் இருக்கிறது.

ஊரில் பாதிப் பேருடைய கோப்பை நேராக்கி வெளிநாட்டுக்கு அனுப்பியவள் நான். பிறந்த திகதியை மாறிச் சொல்பவர்களையும் கலியாணத் திகதியே தெரியாத மாப்பிள்ளைகளையும் ஏசி ஏசித்தான் அனுப்பியிருக்கிறேன். என் கோப்பு ஒரு கடதாசிக்காக நிற்கக்கூடாது.

ஜனவரி 8, புதன்

பழைய அல்பங்களை இறக்கித் தூசி தட்டினேன். பிறந்த மூன்றாம் நாள் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நிலானி என் மடியில். அதற்கு முந்திய படம் ஒன்றும் இல்லை. வயிற்றோடு நின்று படம் எடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்று ஒரு வரி எழுதலாம். அது உண்மையும்கூட.

அந்தப் படத்தின் ஓரத்தில் பவானியின் கை விழுந்திருக்கிறது. பவானி என் தங்கை, கிளிநொச்சியில் இருக்கிறாள். கையை வெட்டிவிட்டுக் கொப்பி எடுத்தேன். படம் அளவாக இருந்தால்தான் பக்கத்தில் ஒழுங்காக நிற்கும்.

ஜனவரி 11, சனி

இவர் வீடியோவில் வந்தார். அங்கே பனி முழங்கால் மட்டும் என்று யன்னலைக் காட்டினார். நிலானி கேட்டாள்:

"ஏனப்பா எங்களிட்ட மட்டும் இவ்வளவு ஆதாரம் கேக்கினம்? என்னைப் பாத்தா உங்கட பிள்ளை மாதிரி இல்லையோ?"

"உன்னைத் தவிட்டுக்கெல்லோ வாங்கினது. அதுதான் கேக்கிறாங்கள்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே பிறந்த எந்தப் பிள்ளையைத்தான் இப்படிப் பகிடி பண்ணாமல் விட்டிருக்கிறார்கள். நான் போனை வாங்கி, அவருடைய வரிப் பத்திரம் இன்னும் வரவில்லை என்று ஞாபகப்படுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

"ஏனம்மா அப்பாவில எரிஞ்சு விழுறீங்கள்?"

கோழிகளுக்குத் தீன் போடவேண்டும் என்று எழுந்து போனேன். கடையில் வாங்கும் தீன்தான் போடுகிறேன். பக்கத்து வீட்டார் தவிடு குழைத்து வைக்கிறார்கள், செலவு குறைவு என்கிறார்கள். எனக்குப் பழக்கமில்லை.

ஜனவரி 13, திங்கள்

கிளினிக் அட்டை தொலைந்துவிட்டது என்று ஒரு சத்தியக் கடதாசி தட்டச்சு செய்து ஐயாவின் மேசையில் வைத்தேன். 'இடப்பெயர்வின்போது தொலைந்தது' என்று எழுதியிருந்தேன். கை பழகிய வசனம். வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் எழுதுவோம்.

ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிள்ளை, சனம் இடம்பெயர்ந்தது தொண்ணூத்தஞ்சில. உம்மட மகள் பிறந்தது ரெண்டாயிரத்தாறில."

"மாறி அடிச்சிட்டன் ஐயா. 2008 வெள்ளத்தில போனது."

"வெள்ளத்திலயோ?"

"ஓம்."

திருத்தி அடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். முத்திரையை நானே குத்திக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று நிலானி படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள்.

ஜனவரி 20, திங்கள்

எல்லாவற்றையும் ஸ்கான் செய்து அனுப்பினேன். நாற்பத்திரண்டு பக்கம். பக்க எண் போட்டு, உள்ளடக்கம் எழுதி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடமும் வருடமும் குறித்தேன். இப்படி ஒரு கோப்பை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெப்ரவரி 3, திங்கள்

பதில் வந்துவிட்டது. மரபணுச் சோதனை. தாய்க்கும் பிள்ளைக்கும்.

இன்று சமைக்கவில்லை. கடையில் பாண் வாங்கினோம்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், கந்தோர் இல்லை. வீடு முழுவதும் கழுவினேன். யன்னல் கம்பி ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

நிலானிக்கு ஒரே உற்சாகம். போனில் தேடிப் பார்த்துவிட்டாள். "ஊசி இல்லையம்மா. கன்னத்துக்குள்ள பஞ்சால ஒருக்கா தேய்ச்சு எடுக்கிறதுதான். கொழும்புக்குப் போனா அப்பிடியே கடற்கரையும் பாத்துக்கொண்டு வரலாம்." ஏ.எல். சோதனை எழுதி முடித்துவிட்டு முடிவுக்காக வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் சுற்றுலாதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை எழுதாமல் இருந்து என்ன பயன்.

பெப்ரவரி 6, வியாழன்

நிலானி நூலகத்துக்குப் போன நேரம் பார்த்து இவரைப் போனில் எடுத்தேன். அங்கே விடியவில்லை. எழுப்பித்தான் பேசினேன்.

"இஞ்ச பாரும்," என்றார். "அவளின்ர பேரை இப்போதைக்கு வெட்டிப்போட்டு நீர் மட்டும் வாரும். அவளைப் பிறகு படிக்கிற விசாவில எடுப்பம்."

"தனிய விட்டிட்டோ?"

"பவானி இருக்கிறாதானே."

நான் போனை வைத்துவிட்டேன். ஒன்பது வருடம் தனியாக இருந்த மனுசன். அவருடைய பக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரை அவர் அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கக்கூடாது.

எழுதிவிடுகிறேன். நிலானியை நான் பெறவில்லை. பெற்றவள் பவானி.

பவானிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பத்தாம் நாள் போனது, மற்றது இருபத்தோராம் நாள். மூன்றாவது பிரசவத்துக்குக் கிளிநொச்சியிலிருந்து என்னிடம் வந்தாள். பிள்ளை தங்காத வீடுகளில் பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெற்றவளுக்குப் பிள்ளை சொந்தமில்லை என்றால் எமன் ஏமாந்து போவானாம். வாங்குகிறவள் பேருக்குத்தான் வாங்குகிறாள். கண்டம் கழிந்ததும் பெற்றவள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். இந்தப் பிள்ளைக்கு மூன்று வருடம் என்று சாத்திரியார் குறித்துக் கொடுத்தார்.

எழுத்திலும் அவள் பெயர் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. என்னுடைய அடையாள அட்டையைக் கொடுத்து, என் பெயரில் அவளை ஆசுபத்திரியில் சேர்த்தோம். அந்த வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே முகம், அட்டையில் இருந்த படமும் மங்கல். பிறப்புப் பதிவில் தாய் என்ற இடத்தில் தவமலர் யோகேந்திரன் என்று விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைச் சுளகில் கிடத்தி, பவானியின் மடியில் ஒரு கொத்துத் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை நான் தூக்கினேன். எனக்குக் கலியாணமாகி எட்டு வருடம். என் கையில் அதுவரை ஒரு பிள்ளை தூங்கியதில்லை.

பவானி ஆனி மாதம் புருசனிடம் திரும்பிப் போனாள். ஆவணியில் கிளிநொச்சிப் பாதையை மூடிவிட்டார்கள். பிறகு யுத்தம். பிள்ளை என்னுடன் வளர்ந்தது. அவ்வளவுதான்.

இப்போது உண்மையைச் சொன்னால், பொய்ப் பதிவு கொடுத்த குடும்பம் என்று கோப்பை மூடிவிடலாம். சொல்லாமல் சோதனைக்குப் போனால் பஞ்சு சொல்லிவிடும். இரண்டில் எது என்றாலும் நிலானிக்குத் தெரியவரும். எனக்கு விசா போனாலும் பரவாயில்லை, அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் பயம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நிலானியிடம் கலியாண வீடு என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். பவானி ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்கிறாள். தனியாள். புருசன் கடைசிச் சண்டையில் செல் பட்டுப் போனவர். நான் சொன்னதையெல்லாம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கென்னக்கா, நான் உன்ர பேரில போய்க் குடுக்கிறன். முந்தியும் போனனான்தானே."

யோசிக்காமல் சொன்னாள்.

"இப்ப விரல் அடையாளம் எல்லாம் எடுத்திட்டாங்களடி. அப்ப மாதிரி அட்டையை மட்டும் காட்டி ஏமாத்தேலாது."

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்துப்போன விரல்கள். பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தாள். அதற்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. உள்ளே கிளினிக் அட்டை. கிளிநொச்சிக் கிளினிக்கில் அவளுடைய பெயரில் போட்டது. மாதாமாதம் நிறை, இரத்த அழுத்தம், பிள்ளையின் இதயத் துடிப்பு, எல்லாம் நீல மையில்.

"இதை எங்கயடி வைச்சிருந்தனி?"

"என்னோடதான். முள்ளிவாய்க்கால் மட்டும் வந்தது, முகாமுக்கும் வந்தது. அவற்ற படம்கூடத் தப்பேல்லை. இது தப்பிட்டுது."

வெள்ளத்தில் போனது என்று நான் முத்திரை குத்தி அனுப்பிய அட்டை. ஈரம் பட்ட அடையாளம்கூட இல்லை.

"அவளுக்குச் சொல்லிட்டியோ?"

"இல்லை."

"சொல்லு. சொல்லிப்போட்டுக் கூப்பிடு. வந்து கையெழுத்து வைக்கிறன்."

வரும்போது தேங்காய் இரண்டும் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றும் தந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 12, புதன்

உண்மையைச் சொல்லும் சத்தியக் கடதாசியைத் தமிழில் எழுதி முடித்தேன். பவானி சொல்வதாக ஒன்று, நான் சொல்வதாக ஒன்று. ஒழுங்கான வாசகம். ஒரு இடத்திலும் பிசகில்லை.

நிலானியிடம் வாயால் சொல்ல மூன்று நாளாக முயன்றேன். தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன். தலைவாரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். கடைசியில் நான் செய்தது வெட்கம் கெட்ட வேலை. இரண்டு கடதாசியையும் அவளுடைய மேசையில் வைத்து, "இதை இங்கிலீசில போட்டுத் தா பிள்ளை, திங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டேன்.

ஒன்றரை மணித்தியாலம் கூட்டைக் கூட்டினேன்.

திரும்பி வந்தபோது மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அவள் குளியலறையில் இருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

பெப்ரவரி 13, வியாழன்

காலையில் அவளுக்குப் பிட்டும் முட்டைப் பொரியலும் வைத்தேன். பிட்டைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"ஒரு கொத்து எண்டா எவ்வளவு?"

"அரிசி எண்டா ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும்."

"தவிடு எண்டா?"

"அரைக் கிலோவும் வராது."

தலையை ஆட்டினாள். கொஞ்சம் சாப்பிட்டாள்.

"அப்ப அப்பா பகிடி விடேல்லை."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "வேண்டாம் அம்மா, எல்லாம் வாசிச்சிட்டன்" என்றாள். அம்மா என்றுதான் சொன்னாள். அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

பெப்ரவரி 17, திங்கள்

பவானி முதல் பஸ்ஸில் வந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை, புதிதாக மடிப்புக் கலையாமல். நிலானியும் கூட வருவேன் என்று நின்றாள். மறிக்க எனக்கு வாய் வரவில்லை. கந்தோர் வாங்குப் பலகையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். இடையில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் இருந்தது.

சத்தியக் கடதாசியை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். பவானியுடையதை ஐயா தன் கோயில் குரலில் வாசித்தார். ஆறாவது பந்தி வரை பவானி ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு இருந்தாள்.

"'என் பிள்ளையை நிரந்தரமாக வளர்க்கும்படி முழு விருப்பத்துடன் என் தமக்கையிடம் ஒப்படைத்தேன். அதன் பின்னர் திருப்பிக் கேட்கவில்லை.'"

"நில்லுங்கோ ஐயா. அதைத் திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தார்.

"இதில நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"ஏனடி?" என்றேன்.

"பொய்யக்கா. நான் கேட்டனான்."

"பவானி, அப்பிடி எழுதினா கோப்பை மூடிப்போடுவாங்கள். பறிச்ச பிள்ளை எண்டு நினைப்பாங்கள். அவளுக்காகத்தானே சொல்லுறன்."

"அவளுக்காக எண்டுதான் அண்டைக்கு உன்ர அட்டையைத் தரும்போதும் சொன்னனி."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இது சத்தியக் கடதாசி. வெள்ளத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டன். இதுக்கு வைக்க மாட்டன்."

நிலானி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.

நான் ஆறாம் திகதி எழுதியதை இப்போது திருத்துகிறேன். அவள் பெயர் எழுத்தில் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று என்று எழுதியிருக்கிறேன். முடிவெடுத்தது நான். சுளகும் தவிடும் போதும் என்றுதான் பவானி சொன்னாள். அடையாள அட்டையைக் கொடுத்தது என்னுடைய யோசனை. எமன் என்ன கச்சேரிக்குப் போய்ப் பதிவு பார்க்கிறவனா. கடதாசியில் என் பெயர் விழவேண்டும் என்ற ஆசை எனக்குத்தான் இருந்தது.

மற்றது. 2010 ஆனி மாதம் முகாமிலிருந்து விட்டதும் பவானி வந்தாள். எலும்பும் தோலுமாகப் படலையில் வந்து நின்றாள். கையில் ஒரு சீலைப் பை. எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. கூட்டி வந்து இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். நிலானிக்கு அப்போது நாலு வயது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். "ஆர் வந்திருக்கினம் பார், சின்னம்மா, சின்னம்மா எண்டு சொல்லு" என்று அவளுக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்தேன். பிள்ளையும் சொன்னது. பவானி பையை என் காலடிக்கு நகர்த்தினாள். பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, உள்ளே தவிடு. ஒரு கொத்து அளந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"கோழிக்குத் தவிடு இருக்குப் பவானி. நீ கொண்டுபோ."

அப்படித்தான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இதையெல்லாம் கந்தோரில் வாயால் சொன்னேன். ஐயாவுக்கும் கேட்டது, நிலானிக்கும் கேட்டது. சொல்லி முடித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். பவானியின் கடதாசியில் ஆறாவது பந்தியை அழித்துவிட்டு என்னுடைய கடதாசியில் அடித்தேன்: '2010 ஜூன் மாதம் என் தங்கை பிள்ளையைத் திருப்பிக் கேட்டு வந்தார். நான் கொடுக்கவில்லை. கிளினிக் அட்டை வெள்ளத்தில் அழிந்தது என்று நான் முன்னர் சத்தியம் செய்ததும் பொய்.' இருபத்தொரு வருடத்தில் இவ்வளவு மெதுவாக நான் தட்டச்சு செய்ததில்லை.

பவானி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"இப்ப சரி. இனி என்ர கடதாசியில எழுது. அக்காவோட போக எனக்குச் சம்மதம் எண்டு." கொஞ்சம் பொறுத்து, "நிலானி விரும்பினால் எண்டதை முன்னுக்குப் போடு" என்றாள்.

முன்னுக்குப் போட்டேன். அவள் கையெழுத்து வைத்தாள். நானும் வைத்தேன். ஐயா முத்திரையைத் தானே எடுத்துக் குத்தினார்.

நிலானி பவானியிடம் அந்தக் கிளினிக் அட்டையைக் கேட்டு வாங்கினாள். மடிப்புப் பிய்ந்துவிடாமல் விரித்து, வரி வரியாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஏழாம் மாசத்தில ஐம்பத்தொரு கிலோதானோ சின்னம்மா?"

"சாப்பாடு பிடிக்கேல்லை. புளிச்சல் மாங்காய் மட்டும்தான் இறங்கினது."

"எனக்கும் மாங்காய் எண்டால் உயிர்," என்றாள் நிலானி. அது எனக்கும் தெரியும். சொல்லவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

அனுப்பியாயிற்று. பக்க எண் போட மறந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "நான் அப்பவே குடுக்கச் சொன்னனான்" என்றார். சொன்னவர்தான். ஒருதரம், மெதுவாக.

பெப்ரவரி 21, வெள்ளி

நிலானி கிளிநொச்சிக்குப் போகிறாள். நேற்று மாலை தானே பவானியை எடுத்துக் கேட்டிருக்கிறாள். நான் பையை அடுக்கிக் கொடுத்தேன். துவாய், சவர்க்காரம், நுளம்பு மருந்து.

"எத்தினை நாளுக்கு?"

"தெரியாதம்மா."

"கொழும்பிலயிருந்து கூப்பிட்டா?"

"வருவன்." சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டே சொன்னாள். "நிலானி விரும்பினால் எண்டு கடதாசியில இருக்குதெல்லோ. நான் விரும்புறனோ எண்டு எனக்கும் தெரியவேணும்."

பஸ் நிலையம் மட்டும் கூடப் போனேன். யன்னல் ஓர இருக்கை கிடைத்தது. பஸ் எடுக்கும்போது கை காட்டினாள். கனடாக் குளிருக்கு என்று வாங்கி வைத்த கம்பளிச் சட்டை கட்டிலிலேயே கிடக்கிறது.

பெப்ரவரி 26, புதன்

கோழித் தீன் முடிந்துவிட்டது. தவிடு வாங்கினேன்.

மார்ச் 5, புதன்

பின்னேரம் நிலானி எடுத்தாள். தையல் நிலையத்தில் பொத்தான் ஓட்டை அடிக்கப் பழகுகிறாளாம். கிணற்றுத் தண்ணீர் உவராம், தலைமயிர் பிசுபிசுக்கிறதாம். "அம்மா, என்ர ஏ.எல். சோதனை அட்டை அலுமாரியில கிடக்குதோ பாருங்கோ" என்றாள். இருந்தது. பவானியை இப்போது என்னவென்று கூப்பிடுகிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நிலானிக்குப் பத்தொன்பது. காலையிலேயே எடுத்தேன். பவானிதான் பேசினாள்.

"அவள் குளிக்கிறாளக்கா."

"என்ன செய்தனி காலமை?"

"பால்புக்கை."

பத்தொன்பது வருடத்தில் அவள் பொங்குகிற முதல் பிறந்தநாள் பால்புக்கை.

மார்ச் 14, வெள்ளி

பதில் வந்தது. கோப்பை மூடவில்லை. எங்கள் விளக்கத்தைப் பதிந்திருக்கிறார்களாம். நிலானிக்கும் பவானிக்கும் மரபணுச் சோதனை. அதன் பிறகு பிறப்புப் பதிவைத் திருத்த நீதிமன்றக் கட்டளை வேண்டும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று எழுதவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்தக் கோப்புகளைப் பார்த்துப் பழகிய எனக்கு ஒன்று தெரியும், மூடாத கோப்பு மூடாத கோப்புதான்.

கூட ஒரு படிவமும் வந்திருந்தது, இன்றைக்கே நிரப்பி அனுப்ப வேண்டியது. கந்தோரில் எல்லோரும் போன பிறகு இருந்து நிரப்பினேன். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, தற்போதைய விலாசம். கிளிநொச்சி விலாசத்தை அடித்தேன். அடுத்த கேள்வி: பிள்ளை தற்போது யாருடன் வசிக்கிறார், உறவுமுறை என்ன?

'சின்னம்மாவுடன்' என்று கை தானாக அடித்துவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஐயா விளக்கை அணைக்கட்டுமோ என்று வாசலில் நின்று கேட்டார், ஒரு நிமிடம் என்றேன்.

அதை அழித்துவிட்டு, 'தாயுடன்' என்று அடித்தேன். திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.